மெலின்டா பேசிக்கொண்டுதான் இருந்தாள்

'ஸ்பீக்' என்ற ஆங்கில நாவலின் நாயகி மெலின்டா சார்டினோ அன்றிரவு முதலில் செய்த காரியம் போலீசுக்குப் போன் போட்டது. ஆகஸ்ட் மாதக் கடைசி. கோடை விடுமுறை முடியப் போகிறது. பெரிய வகுப்புப் பையன்களும் வந்திருக்கும் ஒரு பார்ட்டியில், வீட்டுக்கு வெளியே மரங்களுக்கு நடுவே, ஒன்பதாம் வகுப்புக்குள் நுழையவிருந்த அந்தச் சிறுமியை ஒருவன் வன்புணர்வு செய்துவிடுகிறான். எப்படியோ எழுந்து வீட்டுக்குள் வந்து 911-ஐ அழுத்துகிறாள். மறுமுனையில் கேட்கிறார்கள். இவளுக்கு நாக்கு எழவில்லை. அவள் ஒரு வார்த்தை சொல்லாமலேயே போலீஸ் வந்துவிடுகிறது. பார்ட்டி கலைகிறது, சிலரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். இவள் தனியாக நடந்து வீட்டுக்கு வருகிறாள். வீட்டில் யாரும் இல்லை.

பள்ளி திறந்ததும் பார்த்தால் ஊரே இவளுக்கு எதிரி. பார்ட்டியைக் கெடுத்தவள், போலீசைக் கூப்பிட்டவள். மாணவர் கூட்டத்தில் பின்வரிசையில் இருக்கும் ஒருத்தி முழங்காலால் முதுகில் இடிக்கிறாள், அவளுடைய அண்ணன் அன்றைக்குக் கைதானானாம். உயிர்த்தோழி ரேச்சல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சரி, கோபப்படட்டும். இத்தனை பேரில் ஒருவருக்குக்கூட "நீ எதுக்குப் போலீசைக் கூப்பிட்டே?" என்று கேட்கத் தோன்றவில்லை. கதை முழுக்க எனக்கு உறுத்தியது இதுதான்.

'ஸ்பீக்' லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் எழுதி 1999-இல் வெளிவந்த நாவல். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரம், மெர்ரிவெதர் என்ற கற்பனைப் பள்ளி, ஒரு கல்வியாண்டு. மதிப்பெண் அட்டை நான்கு முறை வருகிற மாதிரி நாவலும் நான்கு பகுதிகள். இந்தப் புத்தகத்தைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே வரிதான்: குரலை இழந்த பெண் குரலைக் கண்டெடுக்கும் கதை. தப்பில்லை. ஆனால் படிக்க உட்கார்ந்தால் முதல் பக்கத்திலிருந்தே இந்தப் பெண் ஓயாமல் பேசுகிறாள். அதுவும் என்ன பேச்சு! பள்ளியில் முதல் நாளே புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் பொய்கள் என்று பத்துக்குப் பட்டியல் போடுகிறாள். ஆசிரியர்களுக்கெல்லாம் பட்டப்பெயர்: கழுத்து பெருத்த சமூக அறிவியல் ஆசிரியர் 'மிஸ்டர் நெக்', தலைமுடியால் முகம் மறைக்கும் ஆங்கில ஆசிரியை 'ஹேர்வுமன்', தலைமையாசிரியர் 'பிரின்சிபால் பிரின்சிபால்'. பள்ளியின் சின்னமாக இருந்த ட்ரோஜன் வீரர்களை மாற்றிவிடுகிறார்கள், அந்தப் பெயரில் ஆணுறை விற்பதால் பிள்ளைகளுக்குத் தவறான பாடம் போய்விடுமாம். அதற்குப் பதில் வைத்த பெயரிலும் யாரோ குறை கண்டுபிடிக்க, ஆண்டு முழுக்கப் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது. பிள்ளைகளின் ஒழுக்கத்தைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபடும் பள்ளியில்தான் அன்றிரவு அவளை வன்புணர்வு செய்தவனும் படிக்கிறான். ஊரறிய நல்ல பையனாக, காரில் சுற்றிக்கொண்டு.

எனவே இவளுக்குக் குரல் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. நமக்குக் கேட்கிற குரல் அவளைச் சுற்றியிருப்பவர்களுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு வருடத்தில் அவளுக்கு எப்போதெல்லாம் காதுகள் கிடைக்கின்றன, எப்போதெல்லாம் கிடைத்த காது மூடிக்கொள்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால் நாவல் வேறு மாதிரி தெரிகிறது.

அந்தப் போனில் வார்த்தை வராமல் போனதை மட்டும் கோழைத்தனம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதிர்ச்சிக்குப் பின் மனநோய்க்கு ஆளான எட்டுப் பேரின் மூளையை ஸ்கேன் செய்து, பெசல் வான் டெர் கோல்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1996-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவரவருக்கு நடந்ததை அவரவருக்கே வாசித்துக் காட்டியபோது, பேச்சை உருவாக்குவதில் முக்கியமான ப்ரோகா என்ற பகுதியின் இயக்கம் குறைந்தது. எட்டுப் பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் "வாய் இருந்ததே, அப்போதே சொல்லியிருக்கலாமே" என்று கேட்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருந்தால் நல்லது.

வீட்டிலிருந்து தொடங்குவோம். அம்மா ஒரு துணிக்கடையை நடத்துகிறாள், அப்பாவுக்கு இன்சூரன்ஸ் வேலை. மூன்று பேரும் சமையலறை மேடையில் துண்டுச்சீட்டு எழுதி வைத்துத்தான் பேசிக்கொள்கிறார்கள். மதிப்பெண் குறைந்தால் மட்டும் சத்தம் வரும். ஒரு நாள் மணிக்கட்டில் கீறிக்கொண்டு வந்து உட்காருகிறாள் மெலின்டா. இதற்கெல்லாம் தனக்கு நேரமில்லை என்று சொல்லிவிடுகிறாள் அம்மா. அப்புறம் தற்கொலை பற்றிய ஒரு புத்தகத்தை அவள் கண்ணில் படுகிற மாதிரி வைக்கிறாள். இந்த அம்மாவை வில்லியாக்க எனக்கு மனம் வரவில்லை. கடையில் ஆள் பற்றாக்குறை, விழாக் கால நெருக்கடி. புத்தகம் தேடி வாங்கும் அளவுக்கு அக்கறை இருக்கிறது. எதிரே உட்கார்ந்து "என்னம்மா ஆச்சு?" என்று கேட்கத்தான் அவளால் முடியவில்லை. பயந்த பெற்றோர் நிறையப் பேர் அப்படித்தான். பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

என் அண்ணன் மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். அவளிடம் இந்தப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, அந்தப் பையனைப் பற்றிக் கொதிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் கொதித்தது ஹெதரைப் பற்றி. ஒஹாயோவிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ஹெதருக்கு முதலில் வேறு துணை இல்லாததால் மெலின்டாவோடு ஒட்டிக்கொள்வாள். பள்ளியில் பெயர்பெற்ற ஒரு பெண்கள் குழுவில் இடம் கிடைத்ததும், நீ எப்போதும் சோர்ந்தே இருக்கிறாய், நமக்குள் ஒத்துவராது என்று பக்குவமாகச் சொல்லிக் கழற்றிவிடுவாள். "அத்தை, அவன் கெட்டவன்னு தெரியும். இவ ஃபிரெண்டு மாதிரியே இருந்துட்டு ஒரு நாள்கூட என்னன்னு கேக்கலையே. தன் ரூமுக்கு என்ன கலர் அடிக்கலாம்னுதானே பேசிட்டு இருந்தா!" என்றாள். நான் இத்தனை பக்கத்தில் எழுதப் பார்ப்பதை அவள் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

பள்ளியில் மெலின்டா ஓர் இடம் கண்டுபிடிக்கிறாள். துப்புரவுப் பணியாளர் பயன்படுத்தாமல் விட்ட, துடைப்பமும் பழைய நாற்காலியும் கிடக்கும் சின்ன அறை. அங்கே ஒரு கண்ணாடி. தன் முகத்தை, கடித்துக் கடித்துப் புண்ணான உதட்டைப் பார்க்கப் பிடிக்காமல் அதன்மேல் ஒரு சுவரொட்டியை மாட்டுகிறாள். மாயா ஏஞ்சலூவின் படம். பள்ளி நூலகத்தில் இருந்தது. அவருடைய ஒரு புத்தகத்தைக் கல்வி வாரியம் தடைசெய்துவிட்டதால் நூலகர் எடுத்துக் கொடுத்த படம் அது.

ஆண்டர்சன் இந்தப் படத்தைச் சும்மா மாட்டவில்லை என்று நினைக்கிறேன். 1928-இல் பிறந்த ஏஞ்சலூ, எட்டு வயதை ஒட்டி, செயின்ட் லூயிஸில் தாயின் காதலனால் வன்புணர்வுக்கு ஆளானவர். 1969-இல் வந்த தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். அண்ணன் பெய்லியிடம் சொன்னார், அண்ணன் கேட்டான், விஷயம் நீதிமன்றம் வரை போனது. தண்டனை பெற்றும் உடனே வெளியே வந்த அந்த ஆளை யாரோ கொன்றுவிட்டார்கள். தான் பேசியதால்தான் ஒரு மனிதன் செத்தான் என்று அந்தக் குழந்தை நினைத்துக்கொண்டது. ஏறக்குறைய ஐந்து வருடம் அண்ணனைத் தவிர வேறு யாரிடமும் பேசவில்லை. ஆர்கன்ஸாவில் ஸ்டாம்ப்ஸ் என்ற சிற்றூரில் மிசஸ் ஃபிளவர்ஸ் என்ற பெண்மணி வீட்டுக்கு அழைத்து, தின்பண்டம் கொடுத்து, புத்தகங்களை வாய்விட்டு வாசித்துக் காட்டித்தான் மீட்டார்.

இரண்டு பேரின் மௌனமும் பேசியதற்குப் பிறகு வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஏஞ்சலூ சொன்னார், ஓர் உயிர் போனது. மெலின்டா போனை எடுத்தாள், ஊரே பகையானது. வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்பது இருவருக்கும் பட்ட அறிவு. மௌனம் அவர்கள் அதிலிருந்து எடுத்த முடிவு, அந்த வயதில் வேறென்ன முடிவு எடுக்க முடியும்?

மெலின்டாவின் மிசஸ் ஃபிளவர்ஸ் என்றால் ஓவிய ஆசிரியர் ஃப்ரீமன்தான். முதல் வகுப்பில் ஒரு பழைய பூகோள உருண்டையைக் காட்டி, அதற்குள் இருக்கும் சீட்டுகளில் ஒன்றை எடுக்கச் சொல்வார். எடுத்த சீட்டில் இருப்பதை ஆண்டு முழுக்க வரைய வேண்டும். இவளுக்கு வந்தது 'மரம்'. இது ஒரு வேலையா, ரெண்டாம் கிளாஸிலேயே வரைந்தாயிற்றே என்று நினைக்கிறாள். வரைய வரைய வரவில்லை. இடி விழுந்த மரம்தான் வருகிறது. அச்செடுப்பதற்கான லினோலியத் தகட்டில் செதுக்கினால் பாழாகிறது.

நடுவே நன்றி நவிலும் நாள் வருகிறது. அம்மா வான்கோழி சமைக்க முயன்று தோற்க, அப்பா அதைக் கைக்கோடாலியால் வெட்டி சூப் வைக்கப் பார்த்து அவரும் தோற்க, கடைசியில் பீட்சா வாங்கிச் சாப்பிடுகிறார்கள். சிரித்துக்கொண்டே படித்தால் அடுத்த சில பக்கங்களில் சிரிப்பு நின்றுவிடும். அந்த வான்கோழி எலும்புகளை ஓவிய வகுப்புக்கு எடுத்துப் போய் ஒரு சிற்பம் செய்கிறாள் மெலின்டா. எலும்புக் கூட்டுக்குள் ஒரு பார்பி பொம்மையின் தலை. அதன் வாயில் டேப் ஒட்டியிருக்கிறாள். ஃப்ரீமன் அதைப் பார்க்கிறார். அதில் இருக்கும் வலியை அடையாளம் காண்கிறார். ஆனால் தோண்டவில்லை. பிறகு ஒரு நாள் காரில் கூட்டிப் போகும்போது, உன்னிடம் சொல்ல நிறைய இருக்கிறது, கேட்க எனக்கு ஆசை என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விட்டுவிடுகிறார். உடனே எதுவும் நடக்காது. ஆலோசகரிடம் இழுத்துக்கொண்டு போவதில்லை, மேசைக்கு எதிரே உட்காரவைத்து விசாரிப்பதுமில்லை. கதவைத் திறந்து வைக்கிறார், அவ்வளவுதான். நல்ல ஆசிரியர்களைப் பற்றிய கதைகளில் ஆசிரியர் ஓடி ஓடிக் காப்பாற்றுவதைப் பார்த்துப் பழகிவிட்ட நமக்கு இது சோம்பேறித்தனமாகக்கூடத் தோன்றும். இப்போதைய விதிகளின்படி அவர் அதிகாரிகளுக்குச் சொல்லியிருக்க வேண்டாமா என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் அவருக்கு என்ன நடந்ததென்று தெரியாது. ஏதோ நடந்திருக்கிறது என்று மட்டும் தெரியும்.

நடுவில் டேவிட் பெட்ராகிஸ் என்ற பையன் வருகிறான், அறிவியல் ஆய்வகத்தில் இவளுடைய ஜோடி. வாக்குரிமைக்காகப் போராடிய பெண்களைப் பற்றி இவள் ஒரு கட்டுரை எழுதுகிறாள். வகுப்பில் வாய்விட்டுப் படித்தால்தான் மதிப்பெண் என்கிறார் மிஸ்டர் நெக். அந்தப் பெண்கள் தங்கள் உரிமைக்காக நின்றார்கள், என் உரிமை பேசாமல் இருப்பது என்று எழுதி, பிரதிகளை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு மௌனமாக நிற்கிறாள். புத்திசாலித்தனம்தான். நானாக இருந்தால் கைதட்டியிருப்பேன். டேவிட் தட்டவில்லை. அந்தப் பெண்கள் பேசுவதற்காகத்தானே போராடினார்கள், நீ பேசாமல் இருந்தால் கெட்டவர்கள்தான் ஜெயிப்பார்கள் என்று பிறகு சொல்கிறான். அவளை மதித்து அவளோடு வாதம் செய்கிற முதல் ஆள் இவன். கேட்பது என்றால் எப்போதும் தலையாட்டுவது இல்லை.

இனி ரேச்சல். அந்தப் பையனுடனேயே ரேச்சல் பழக ஆரம்பித்ததும் மெலின்டாவால் சும்மா இருக்க முடியவில்லை. நூலகத்தில் இருவரும் நோட்டில் எழுதி எழுதிப் பேசிக்கொள்கிறார்கள், பழைய நாள் மாதிரி. போலீசைக் கூப்பிட்ட காரணத்தை எழுதுகிறாள். ரேச்சல் பதறிப்போகிறாள், பரிவோடு கேட்கிறாள், யார் என்று கேட்கிறாள். ஆண்டி எவன்ஸ் என்று பெயரை எழுதியதும் எழுந்து நின்று பொறாமை பிடித்தவள், பொய் சொல்கிறாய் என்று கத்திவிட்டுப் போகிறாள். நடந்ததை நம்பிய அதே பெண், பெயரைக் கேட்டதும் நம்ப மறுக்கிறாள். யாரோ ஒருவன் என்றால் ஊர் நம்பும். நமக்குத் தெரிந்த, நமக்குப் பிடித்த ஒருவன் என்றால் நம்பாது. இது சிரக்யூஸ் கதைதான். ஆனாலும் இந்தப் பக்கத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

நாவலின் உச்சம் எது என்று கேட்டால் எல்லோரும் அந்தச் சின்ன அறைக் காட்சியைச் சொல்வார்கள். கடைசிப் பகுதியில் ஆண்டி அங்கே அவளை மடக்குகிறான். இம்முறை அவள் கத்துகிறாள். சுவரொட்டிக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியை உடைத்து ஒரு சில்லை அவன் கழுத்தில் வைக்கிறாள். அன்றே வேண்டாம் என்று சொன்னேன் என்கிறாள். இப்போது அவனுக்குப் பேச்சு வரவில்லை. கதவுக்கு வெளியே லக்ராஸ் விளையாடும் பெண்கள் மட்டைகளோடு திரண்டிருக்கிறார்கள். படிக்கும்போது கை தானாக முறுக்கேறுகிறது, உண்மைதான். 2004-இல் கிறிஸ்டன் ஸ்டூவர்ட் நடிக்க வந்த படத்துக்கும் தோதான காட்சி. எனக்கென்னவோ இது கொஞ்சம் அதிக வசதியாக அமைந்துவிட்டதாகத் தோன்றுகிறது. பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் கண்ணாடிச் சில்லும் கிடைக்காது, கதவுக்கு வெளியே சாட்சிகளும் நிற்க மாட்டார்கள்.

என் உச்சம் அதற்கு முன்னால், பெண்கள் கழிப்பறையில் நடந்துவிடுகிறது. தள்ளியிருக்க வேண்டிய பையன்கள் என்று சுவரில் தலைப்பு எழுதி, அதன் கீழே அவன் பெயரை எழுதிவைக்கிறாள் மெலின்டா. கையெழுத்துப் போடவில்லை. நாள்கள் கழித்து ஐவி என்ற பழைய தோழி அவளை அங்கே இழுத்துக்கொண்டு போகிறாள். அவன் பெயருக்குக் கீழே வேறு வேறு பேனாக்கள், வேறு வேறு கையெழுத்துகள். அவனைப் பற்றி ஒவ்வொருத்தியும் ஒன்று எழுதியிருக்கிறாள், ஒருவருக்கொருவர் அம்பு போட்டு ஆமோதித்திருக்கிறார்கள். தான் தனி ஆள் இல்லை என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிகிறது. அந்தப் பெண்களும் அத்தனை நாளும் வாய் திறக்காமல் அதே வராந்தாவில்தான் நடந்திருக்கிறார்கள். சின்ன அறையில் அவள் கத்தியதற்கான தெம்பு இந்தச் சுவரிலிருந்து வந்தது என்பது என் கட்சி.

நாவலுக்கு வெளியே நடந்ததும் இதே கதைதான். ஆண்டர்சனே பதின்மூன்று வயதில் வன்புணர்வுக்கு ஆளானவர். இருபது வருடங்களுக்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பெண் தேம்பி அழும் சத்தம் கேட்டு நடுராத்திரியில் விழித்து, தன் மகள்கள்தான் அழுகிறார்களோ என்று போய்ப் பார்த்தாராம். அவர்கள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அழுதது தன் கனவில் வந்த பெண் என்று புரிந்து, அவள் சொல்வதை எழுத உட்கார்ந்தார். பிறகு வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. அவற்றின் வரிகளைக் கோத்து அவர் செய்த ஒரு கவிதை பத்தாம் ஆண்டுப் பதிப்பில் இருக்கிறது. 2019-இல்தான் தன் கதையை 'ஷவுட்' என்ற கவிதைத் தன்வரலாறாக எழுதினார். கற்பனைப் பெண் முதலில் பேசினாள், அவளைப் படைத்தவர் இருபது வருடம் கழித்து.

பள்ளிகளுக்குப் பேசப் போகும்போது பையன்கள் தன்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஒன்றையும் ஆண்டர்சன் சொல்லியிருக்கிறார்: அந்தப் பெண் எதற்கு இவ்வளவு வருத்தப்படுகிறாள் என்று அவர்களுக்குப் புரியவில்லையாம். முதலில் அதிர்ந்துபோனதாகவும், பையன்களிடம் யாரும் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை என்று பிறகு உணர்ந்ததாகவும் சொல்கிறார். அந்தப் பையன்கள் கேட்டார்களே, அதுவே பெரிய விஷயம். கேட்காமல் வளர்ந்தவர்களை நினைத்தால்தான் பயம்.

பெரியவர்களின் காது வழக்கம்போல. 2010-இல் மிசௌரி மாநிலத்தில் ஒருவர் இந்த நாவலைக் கிட்டத்தட்ட ஆபாச எழுத்து என்று பத்திரிகையில் எழுதினார். ட்விட்டரில் வாசகர்கள் தங்கள் சொந்த அனுபவங்களைச் சொல்லிப் பதில் கொடுத்தார்கள். அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட, 2020-இல் அதிக எதிர்ப்புக்கு ஆளான புத்தகங்களின் பட்டியலில் 'ஸ்பீக்' நான்காவது இடத்தில் இருந்தது. புகார்களில் ஒன்று, இது மாணவர்களுக்கு, அதாவது ஆண் பிள்ளைகளுக்கு, எதிரான சார்புடையதாம். மிஸ்டர் நெக் இன்னும் ஓய்வு பெறவில்லை போலிருக்கிறது. தடைசெய்யப்பட்ட எழுத்தாளரின் படத்தைத் தன் நாயகிக்குத் துணையாக மாட்டிய நாவல், தானும் அந்த வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டது.

முடிவில் வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை. பள்ளியின் கடைசி நாளில் மெலின்டா மரத்தை முடிக்கிறாள். நேர்த்தியான மரம் இல்லை, ஆனால் உயிருள்ள மரம். ஃப்ரீமன் ஏ பிளஸ் போட்டுவிட்டு, நீ நிறையப் பட்டிருக்கிறாய் போலிருக்கிறது என்கிறார். அவள் சொல்லத் தொடங்குகிறாள். புத்தகம் அங்கேயே நின்றுவிடுகிறது. என் அண்ணன் மகளுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "அவன் ஜெயிலுக்குப் போனானா இல்லையா? ரெண்டாம் பாகம் எங்கே?" ரெண்டாம் பாகம் கிடையாது. 2002-இல் ஆண்டர்சன் எழுதிய 'கேட்டலிஸ்ட்' இதே பள்ளியில் நடக்கிறது, கேட் மலோன் என்ற வேறொரு பெண்ணின் கதை. அதில் ஓரிடத்தில் மெலின்டா வந்து போகிறாள், கதையின் நாயகியாக இல்லை, பள்ளியில் இருக்கும் இன்னொரு பெண்ணாக. கேட்டிடம் சாதாரணமாகப் பேசிவிட்டுப் போய்விடுகிறாள். அந்தப் புத்தகத்தையும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.